தாழ்ப்பாள் இல்லாத கதவு

பழைய ஆஸ்பத்திரியின் வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பேய்க்கதை சொல்ல இது உகந்த நேரமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது பட்டப்பகலில். நான் என்ன செய்ய?

கட்டடத்தைக் காலி செய்துவிட்டார்கள். நோயாளிகள், கட்டில்கள், மின்விசிறிகள் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. போகாமல் அங்கே மிச்சமிருந்தவை பினாயில் வாடையும் பெரிய டாக்டரும்தான். பெரிய டாக்டர் ஒரு காலத்தில் அந்த ஆஸ்பத்திரியின் தலைவர். ஓய்வு பெற்று வெகுகாலமாகிறது; அந்தச் செய்தி மட்டும் இன்னும் அவரை எட்டவில்லை.

புதுக் கட்டடத்தின் முகப்பில் அவருடைய படத்தை மாட்டப் போகிறார்கள். அவருக்கு முன்பிருந்த தலைவர்களை எல்லாம் உள்ளங்கையைவிடப் பெரிய ஷீட் ஃபிலிமில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்திருக்கிறார்கள். தன்னையும் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்றார். “செல்போன்ல எடுத்தா அதுல ஆத்மா வராது தம்பி” என்று போனில் சொன்னார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்பது ஒருபுறமிருக்கட்டும். ஆத்மாவைப் பற்றி அவர் அவ்வளவு அலட்சியமாகப் பேசியிருக்க வேண்டாம்.

இப்போதும் ஷீட் ஃபிலிமில் படமெடுத்து, எடுத்ததைத் தானே கழுவிக் கொடுக்கிற ஆசாமி இந்த ஊரில் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

அன்றைக்குத் துணைக்கு வந்தவன் அவள் தம்பி, என் மச்சினன். முப்பத்தைந்து வயது, தொப்பை, வாய் ஓயாத பேச்சு. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. சட்டைப்பையில் பம்ப் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டான்.

“அவனை அடைச்ச ரூம்ல விட்றாதீங்க” என்று என் மனைவி வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். “போன தடவை ஐசியூ வரைக்கும் போயிட்டு வந்தான். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்.”

“அப்ப நான் யாரு?” என்றேன்.

“நீங்க அவன் பத்திரமா வர்ற வரைக்கும் டிரைவர்.”

*

படத்தை ஆஸ்பத்திரியிலேயே கழுவ வேண்டும், தான் கண்ணால் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஃபிலிம் வெளியே போக வேண்டும் என்பது பெரிய டாக்டரின் நிபந்தனை. அதற்கு வசதியாக எக்ஸ்ரே பிரிவில் ஒரு டார்க்ரூம் இருந்தது.

“இது நான் கட்டினது” என்றார். செங்கல் சுமந்தாரா, கலவை போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

நீளமான, ஜன்னலில்லாத தாழ்வாரத்தின் கடைசியில் அது இருந்தது. கதவு நல்ல கனம். எக்ஸ்ரே ஊடுருவாமலிருக்க உள்ளே ஈயத்தகடு பதித்திருந்தார்கள். கதவின் மேல் ஒரு சிவப்பு விளக்கு. தாழ்ப்பாள் எந்தப் பக்கமும் இல்லை, கைப்பிடி மட்டும்தான்.

“தாழ்ப்பாள் எதுக்கு?” என்றார் பெரிய டாக்டர். “என் காலத்துல இங்க சட்டம் இருந்துச்சு. விளக்கு எரிஞ்சா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். ஈயக்கதவு, பேசினா கேக்காது; தட்டினாதான் கேக்கும். வெளியிலேர்ந்து ரெண்டு தட்டு தட்டணும். உள்ளேர்ந்து ரெண்டு வந்தா திறக்கலாம். ஒண்ணு வந்தா, வேலை முடியல, திறக்கக்கூடாது. நானே திறந்ததில்லைன்னா பாத்துக்குங்க.”

‘நானே’ என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த அழுத்தத்தில் கதவு அரை அங்குலம் உள்ளே போயிருக்கும்.

வார்டில் கிழக்கு ஜன்னலருகே அவரை உட்காரவைத்தோம். பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று ஆலோசித்து, வேண்டாமென்று முடிவு செய்து, எளிமையானவர் என்று உலகம் சொல்லட்டும் என்று சும்மா உட்கார்ந்தார். எளிமையாக உட்கார அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எடுத்து முடித்ததும் ஃபிலிம் பெட்டியுடன் நான் டார்க்ரூமுக்குள் போனேன்.

*

டார்க்ரூம் இருட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி இருட்டில் எங்கேயாவது ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கும். கண் பழகப் பழக அலமாரி அலமாரியாகிவிடும், கதவு கதவாகிவிடும். இந்த இருட்டு பழகாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சிறிது நேரத்தில் நமக்குக் கண் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். மிச்சமிருப்பவை மூக்கும் விரல்களும்தான்.

மேடைமேல் வரிசையாக மூன்று டிரே வைத்திருந்தேன்: படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அடுத்தது அதை நிறுத்தும் ஆசிட், கடைசியில் வெளிச்சம் பட்டாலும் கெடாதபடி படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. ஆசிடின் புளித்த நெடி மூக்கைத் துளைத்தது. விளக்கை அணைத்துவிட்டு ஷீட்டுகளை டெவலப்பரில் இறக்கினேன்.

வேலை எளிதானதுதான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஷீட்டுகளில் அடியிலிருப்பதை உருவி மேலே வைக்க வேண்டும். மறுபடி அடியிலிருப்பதை உருவி மேலே. சீட்டுக் கலைப்பது மாதிரி. ஆனால் நகம் படக்கூடாது. கொஞ்ச நேரத்தில் கைகளுக்கு ஒரு தாளம் வந்துவிடும்.

எனக்கும் தாளம் வந்தது. அடியிலிருந்து மேலே. அடியிலிருந்து மேலே.

அடுத்ததை உருவ விரலை நீட்டினேன். அதற்குள் அது நகர்ந்துவிட்டது.

யாரோ உருவி, மேலே வைத்தார்கள்.

என் புறங்கையை ஒரு விரல் உரசிக்கொண்டு போனது. டெவலப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் அப்படி இல்லை.

“எப்ப மாப்ளே உள்ள வந்தே?” என்றேன்.

கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது: கதவைத் திறந்திருந்தால் வெளிச்சம் வந்திருக்கும்.

அந்த இடத்தில் உத்தமமான மனிதர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். நானும் ஓடியிருப்பேன். ஆனால் ஷீட் டெவலப்பரில் இருக்கும்போது கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, திட்டுத்திட்டாகப் போய்விடும். விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன. ஒரு ஷீட் நான். அடுத்த ஷீட் அந்தக் கை. தள்ளவில்லை, இடிக்கவில்லை. என் முறைக்காகக் காத்திருந்தது. பல வருஷம் இதே வேலையைச் செய்த கை என்று தொட்டதுமே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் என்னுடையதைவிடச் சுத்தமான வேலை.

எல்லாவற்றையும் ஆசிடில் முக்கி, ஹைப்போவில் போட்டுவிட்டு, சுவரைத் தடவி விளக்கைப் போட்டேன்.

யாருமில்லை.

மேடையில் என் பக்கம், என் கையிலிருந்து சொட்டிய ஈரம்.

எதிர்ப்பக்கமும் ஈரம்.

*

“என்ன மாமா, மூஞ்சி பிரிண்ட் போடாத பேப்பர் மாதிரி இருக்கு?” என்றான் மச்சினன்.

அவனை ஓரமாக இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அவன் மிகுந்த மரியாதையுடன் கேட்டுவிட்டு, “சம்பளம் கேக்காத அசிஸ்டென்ட். விடாதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்றான்.

அதற்குள் பெரிய டாக்டர் ஈர நெகடிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நெகடிவில் நரைமுடி கறுப்பாகத் தெரியும். அதில் மட்டும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. மற்றபடி தாடையில் அதிகாரம் போதவில்லை, பார்வையில் தொலைநோக்கு இல்லை. ஆகவே இந்தத் தடவை அங்கி, கழுத்தில் பதக்கம், கையில் தடித்த புத்தகம் சகிதமாக மறுபடி எடுத்தோம்.

எடுத்து முடித்ததும் ஃபிலிம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தாழ்வாரத்தைப் பார்த்தேன். கால் எழவில்லை.

“குடுங்க மாமா” என்று மச்சினன் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“வேணாம்டா. உள்ள ஆசிட் நெடி. உனக்கு ஆகாது.”

“உங்க வீட்டுல எத்தனை வாட்டி கழுவியிருக்கேன்?”

“அங்க பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் காத்தாடி ஓடும். இங்க காத்தே வரல.”

“பம்ப் இருக்கு. அக்கா இங்க இல்ல. ரெண்டும் சேந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது.” கதவைத் திறந்தவன் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அந்தம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்றான்.

“யாரு அம்மான்னு சொன்னது?” என்றேன். நான் கை என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவனும் ஒரு கணம் யோசித்தான். “தெரியல. அப்படித்தான் வாயில வந்துச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

*

தாழ்வாரத்தில் ஒரு மரப்பெஞ்சு. அதில் அங்கி கசங்காமல் பெரிய டாக்டர் உட்கார்ந்தார். மூலையில் எலிபோல் நானும் உட்கார்ந்தேன். அவர் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதற்கு முடிவு இல்லை என்பதால் ஆரம்பத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஷீட்டைக் கழுவ எவ்வளவு நேரமாகும் என்பது என் உடம்புக்குத் தெரியும். அந்த நேரம் வந்தது. எழுந்துபோய் இரண்டு தட்டு தட்டினேன்.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

சரி, முடியவில்லை. பையன் நிதானமாகச் செய்கிறான் என்று திரும்பி வந்தேன். மேலும் சிறிது நேரம் போனது. மறுபடி தட்டினேன்.

ஒரு தட்டு. முன்னதைவிட மெல்லியது.

ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. பெஞ்சுக்குத் திரும்பும்போதுதான் புரிந்தது: நான் தட்டியது என் தோள் உயரத்தில். பதில் வந்தது என் கணுக்கால் உயரத்திலிருந்து.

“பயப்படாதீங்க தம்பி” என்றார் பெரிய டாக்டர். “ஒரு தட்டு வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இந்தக் கதவைப் பத்தி ஒரு சம்பவம் சொல்றேன், கேளுங்க. டிசிப்ளின்னா என்னன்னு புரியும்.”

சொன்னார்.

“எக்ஸ்ரேல ஒரு அம்மா வேலை பாத்துச்சு. பிளேட் கழுவுற வேலை. ரொம்ப அமைதி. ஒரு நாள் காலையில உள்ள போச்சு. விளக்கு எரியுது. ஒரு நர்ஸ் போய் ரெண்டு தட்டு தட்டினா. உள்ளேர்ந்து ஒண்ணு. சரின்னு வந்துட்டா. மத்தியானம் வார்டு பாய் போனான். ஒண்ணு. அவனும் வந்துட்டான். அன்னிக்குப் பெரிய மனுஷன் ஒருத்தரோட எக்ஸ்ரே. அது கெட்டுப்போனா என் பேரு என்னாகும்? யாரும் திறக்கக்கூடாதுன்னு ஆர்டர் போட்டேன். நானே போய்த் தட்டினேன். எனக்கும் ஒண்ணுதான். ‘தலைவரே தட்டினாலும் திறக்காதே’ன்னு சொல்ற மாதிரி.” பெருமையில் அவர் கண் பளபளத்தது. “பாவம், ஹார்ட். உள்ளயே போயிடுச்சு. கதவோரமா தரையில கிடந்துச்சு. ஆனா பாருங்க, கடைசி வரைக்கும் சட்டத்தை மீறல. ஒழுங்கா ஒரு தட்டு. இன்னிக்கு அப்படி யார் இருக்கா?”



“எப்ப திறந்தீங்க?” என்றேன்.

“தட்டு நின்னப்புறம்.”

அதை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

தரையில் விழுந்து கிடந்த ஒரு பெண்ணின் கையை நான் பார்த்தேன். யாராவது திறக்க மாட்டார்களா என்று அது கதவைத் தட்டுகிறது. ஒன்று தட்டிவிட்டது. இரண்டாவது தட்டுக்குத் தெம்பில்லை. வெளியே செருப்புச் சத்தம், வந்த வழியே மரியாதையாகத் திரும்பிப் போகிறது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

ஒரு தட்டு.

வெளியிலிருந்து யாரும் தட்டிக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் பெஞ்சில் இருந்தோம்.

இன்னொன்று. கீழேயிருந்து. அவசரமாக.

நான் ஓடினேன். “திறக்காதே!” என்று பின்னால் குரல் வந்தது. “என் படம் உள்ள இருக்கு. விளக்கு எரியுது, கண்ணு தெரியலையா? ஒரு தட்டுன்னா என்ன அர்த்தம்னு சொன்னேனே!”

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

*

கதவோரத்தில் யாருமில்லை.

மச்சினன் அறையின் மறுகோடியில், தொட்டிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மார்பு ஏறி இறங்குவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. பம்ப் எட்டாத தூரத்தில் மேடைக்கு அடியில் உருண்டு கிடந்தது. ஆசிட் புட்டி கவிழ்ந்து, அறை முழுக்கக் கண்ணைக் கரிக்கும் நெடி.

அக்குளில் கைகொடுத்து அவனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்தேன். பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன். “மூச்சு விடுடா. உங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? விடுடா.” ஒரு தடவை. மறுபடி. கிழிந்த துணியைப் பிழிவது மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையில் கிளம்பியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

“டாக்டர், கொஞ்சம் பாருங்க” என்று கத்தினேன்.

டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை. திறந்த கதவின் முன்னால் அங்கியோடு நின்றிருந்தார். உள்ளே விளக்கைப் போட்டிருந்தேன். மேடை, டிரேக்கள், வெறுஞ்சுவர், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒளிந்துகொள்ள ஒரு பூனைக்குக்கூட இடமில்லை.

படத்தை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. திறந்து கிடந்த கதவின்மேல் இரண்டு தட்டு தட்டினார். உள்ளே வரலாமா என்று கேட்பதைப் போல.

காலியாக இருந்த அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஒரு தட்டு.

பெரிய டாக்டர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டமளிப்பு அங்கி ஓடுவதற்காகத் தைக்கப்பட்டதல்ல.

*

மச்சினன் பிழைத்துவிட்டான். புது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குழாயோடு கிடந்தான். என் மனைவி அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதற்கு அதுவே தேவலை.

அவள் டீ வாங்கப் போயிருந்தபோது அவனிடம் கேட்டேன். “நீதான தட்டினே?”

“நான் எங்க மாமா தட்டினேன்? ஆசிட் புட்டி கை பட்டு விழுந்துச்சு. இழுத்துக்கிச்சு. பம்ப் நழுவிடுச்சு. விழுந்தேன். அவ்ளோதான்.” அவன் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். “ஃபிலிம் எங்க இருந்துச்சு?”

“ஹைப்போல. எல்லாமே.”

“நான் விழறப்ப அது என் கையில இருந்துச்சு மாமா. டெவலப்பர்லேர்ந்து எடுத்தது.” போர்வையை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான். “யாரோ வாங்கிக்கிட்டாங்க. கொழந்தை கையிலேர்ந்து சாமான் வாங்குற மாதிரி.”

கதவைத் திறந்ததில் ஃபிலிமுக்கு ஒரு சேதமும் இல்லை. ஹைப்போவில் சரியான நேரம் கிடந்திருக்கிறது. பிரிண்ட் போட்டு மூலைமுடுக்கெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். படத்தில் வேறு யாருமில்லை. பெரிய டாக்டர் மட்டும் இருந்தார். அதுவே பயமாகத்தான் இருந்தது. அவர் படத்தை வாங்க வரவில்லை. புதுக் கட்டடத்தின் முகப்பில் இப்போது ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்களாம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அந்தக் கதவைத் திறந்தவன் நான் என்பதையும், திறந்த கதவு வழியாக யார் வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது எந்தக் கதவும் மூடியிருப்பதில்லை. சாத்திவிட்டு வந்த படுக்கையறைக் கதவு திரும்பிப் பார்த்தால் திறந்திருக்கும். பீரோ திறந்திருக்கும். “கதவைச் சாத்தத் தெரியாத ரெண்டு ஆம்பளைங்க நடுவுல மாட்டிக்கிட்டேன்” என்று என் மனைவி திட்டுகிறாள். எங்களோடு தங்கியிருக்கும் மச்சினன் என்னைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். பேசாமல் திட்டு வாங்கிக்கொள்வோம். அவளிடம் சொல்லவில்லை. அவனுக்கு இழுப்பு வந்தே வெகுநாளாகிறது என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நேற்று மத்தியானம் ஃபிலிம் கழுவக் குளியலறைக்குள் போனேன். இருவரும் வெளியே போயிருந்தார்கள். எனக்கும் பிடிவாதம் உண்டே. கடையில் இருப்பதிலேயே கெட்டியான தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி, காலையில்தான் பொருத்தியிருந்தேன். முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். தள்ளிப் பூட்டினேன். விளக்கை அணைத்தேன். ஃபிலிமை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டேன்.

இருட்டில், எனக்குப் பக்கத்தில், இரும்பு இரும்பின்மேல் உரசியது.

மெதுவாக, நான் திடுக்கிட்டுவிடக் கூடாதே என்ற கரிசனத்தோடு, தாழ்ப்பாள் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.